பார்த்தேன், தக்கபடி செய்யவும்

ஓலையைப் புதுப்பித்த செவ்வாய்க்கிழமையிலிருந்து சுபாஷிணிக்கு எரிச்சல்தான்.

ஓலை ஒரு மின்மடல் செயலி. கோயம்புத்தூரில் அவள் வேலை பார்த்த பம்ப் தொழிற்சாலை, மகன் படிக்கும் கல்லூரி, மருத்துவமனை, கேஸ் ஏஜென்சி என்று எல்லோரும் அதில்தான் எழுதினார்கள். வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு வாழ முடியாது. "புதிய பதிப்பு தயார்" என்று அது கெஞ்சிக்கொண்டே இருந்தது. அவளும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு மதிய உணவு இடைவேளையில் ஏதோ ஒரு பட்டனில் விரல் பட்டு, அது தன் பாட்டுக்கு இறங்கி உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு இணைப்பில் வந்த வரைபடங்களெல்லாம் பக்கவாட்டில் திறந்தன. வார்ப்படக் கம்பெனியின் புகார் மடலைத் தேடினால் போன வருடத்துத் தீபாவளி வாழ்த்து கிடைத்தது. முகவரிப் பட்டியல் அகர வரிசையை விட்டுவிட்டு 'நெருக்க வரிசை' என்ற ஒன்றுக்கு மாறியிருந்தது. யாரோடு அதிகம் எழுதிக்கொள்கிறோமோ அவர்கள் மேலே. சுபாஷிணியின் பட்டியலில் முதல் ஆள் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். கணவன் பூபதி பதினேழாவது ஆள். அன்று இரவு அதை அவனிடம் காட்டிச் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

பூபதி காற்றாலைகளைப் பராமரிக்கும் பொறியாளன். உடுமலைப் பக்கத்துப் பொட்டலில், காற்றின் இரைச்சலுக்கு நடுவே வேலை. அங்கே பேசினால் யாருக்கும் கேட்காது என்பதாலோ என்னவோ, வீட்டிலும் நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். சில மாதங்களாக அந்த நாலு வார்த்தையும் கரகரப்பாகத்தான் வந்தது. "காத்து ஒத்துக்கல" என்று சொல்லியிருந்தான்.

புதன்கிழமை அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினான். சமையலறை வாசலில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஓலையைத் திட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஏதாச்சும் சொல்லணுமா?"

"என்ன சொல்லறது? இந்தக் கருமாந்திரம் புடிச்ச அப்டேட்டைப் போட்டவனைக் கூட்டியாந்து என்ற சீட்ல ஒரு நாள் உக்கார வெக்கணும். அதைத்தான் சொல்லணும்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் குளித்தான்.

சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காப்பியோடு உட்கார்ந்து வாரம் முழுக்கக் குவிந்ததை ஒழுங்குபடுத்தலாம் என்று ஓலையைத் திறந்தாள். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் என்பதால் அவளுக்கு வரும் மடல்களுக்குக் கணக்கில்லை. முக்கால்வாசிக்கு ஒரே பதில்தான் போடுவாள்: "பார்த்தேன். தக்கபடி செய்யவும்." அன்றும் அப்படிப் பத்துப் பன்னிரண்டு போட்டு முடித்தபோதுதான் திரையின் அடியில் மங்கலாக ஒரு தாமரை மொட்டைக் கவனித்தாள். தொட்டாள்.

"உங்களுக்கு ஒரு மடல் காத்திருக்கிறது. நீங்கள் தயாரானதும் தருகிறோம்."

"நான் தயாராத்தானே உக்காந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி தொட்டாள்.

"இப்போது வேண்டாமே."

அவள் ஃபோனை அணைத்துப் போட்டாள். ஓலையிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே போனாள். செயலியையே நீக்கிவிட்டு மீண்டும் இறக்கினாள். மடல்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தன. தாமரை மொட்டும் வந்தது.

"ஏனுங்க, உங்களுக்கும் இந்த மொக்கு வருதுங்களா?"

பூபதி பேப்பரிலிருந்து நிமிர்ந்தான். "எந்த மொக்கு?"

"விடுங்க. நீங்க எப்ப மெயிலைத் தொறந்து பார்த்தீங்க?"

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். வீணை இசை வந்தது. ஒரு இயந்திரக் குரல் அவளுடைய பிரச்சினையைத் தான் முழுமையாகப் புரிந்துகொண்டதாகச் சொல்லி, ஃபோனை அணைத்துப் போடும்படி அறிவுரை சொன்னது. "மனுசங்க யாராச்சும் இருந்தாப் பேசச் சொல்லு!" என்று கத்தினாள். அதற்கும் வீணை இசை வந்தது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்தாள்.

"வணக்கம் மேடம், ரெஹானா பேசறேன். சொல்லுங்க."

நடுவயதுப் பெண்ணின் நிதானமான குரல். சுபாஷிணி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா மேடம்?"

"ஏம்மா, நான் பம்ப் கம்பெனில பதினெட்டு வருசமா அடுத்தவங்க சொல்ற கம்ப்ளெய்ன்ட் கேக்கறவ. நீங்க கேக்கப்போற அஞ்சு கேள்வியையும் நானே எனக்குக் கேட்டுப் பாத்துட்டேன். விசயத்துக்கு வாங்க."

மறுமுனையில் ஒரு சின்னப் பெருமூச்சு. "இது கோளாறு இல்ல மேடம். புதுப் பதிப்புல வந்த வசதி. 'அரவணைப்பு'ன்னு பேரு. வர்ற மெயிலை ஓலை முதல்ல படிச்சுப் பாக்கும். அதைப் படிச்சா உங்க மனசு எவ்வளவு அடி வாங்கும்னு கணக்குப் போடும். தாங்கற அளவுன்னா உடனே குடுத்துரும். ரொம்ப அதிகம்னா, நீங்க அமைதியா இருக்கற நேரம் பாத்துக் குடுக்கும்."

"நான் அமைதியா இருக்கேனா இல்லையான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கையில வாட்ச் கட்டியிருக்கீங்கல்ல? இன்சூரன்ஸ் கம்பெனி குடுத்தது. அதுல இருந்து நாடித் துடிப்பு எடுத்துக்கும். உங்க அளவு எண்பது. எண்பதுக்குக் கீழ பத்து நிமிசம் தொடர்ந்து இருந்தீங்கன்னா மெயில் தானாத் தொறந்துக்கும்."

சுபாஷிணி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நூற்று நான்கு.

"அப்படின்னா எனக்கு ஏதோ கெட்ட சேதி வந்திருக்கு."

"அப்படிச் சொல்ல முடியாது மேடம். நல்லதா கெட்டதான்னு அதுக்குத் தெரியாது. எவ்வளவு அடிக்கும்னு மட்டுந்தான் தெரியும்."

"எவ்வளவு அடிக்குமாம்?"

ரெஹானா தயங்கினாள். "அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கு."

நூற்றுப் பதினொன்று.

"யார் அனுப்பினதுன்னாச்சும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியுது மேடம். சொல்லக் கூடாது. இந்த கால் ரெக்கார்ட் ஆகுது. புதன்கிழமை வந்ததுங்கறது வரைக்கும் சொல்லலாம்."

புதன்கிழமை. மூன்று நாளாக அவளுக்கான ஏதோ ஒன்று இங்கே கிடக்கிறது. சுபாஷிணி ரெஹானாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, கணவனின் ஃபோனை எடுத்து மகனைக் கூப்பிட்டாள். பெங்களூரில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். "எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. ஏம்மா, உனக்கு என்ன ஆச்சு?" என்றான். திருப்பூரில் அண்ணனைக் கூப்பிட்டாள். அண்ணன் கடையில் வியாபாரத்தின் நடுவே இருந்தார். அப்பா அங்கே நன்றாக இருந்தார். இட்லி பத்தவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அப்படியென்றால் வேலை விஷயமா? தொழிற்சாலையில் ஆள் குறைப்பு என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இந்த அரவணைப்பே எனக்கு வேண்டாம். நிறுத்துங்க."

"செட்டிங்ஸ்ல கடைசியில இருக்கு மேடம், 'அரவணைப்பை நிறுத்து'ன்னு."

அழுத்தினாள். "பதற்றத்தில் எடுக்கும் முடிவுகளை ஓலை ஏற்பதில்லை. சற்று இளைப்பாறிய பின் முயலவும்."

"ஏம்மா!"

"தெரியும் மேடம். அதுக்கும் எண்பதுக்குக் கீழ வரணும்."

"பழைய பதிப்புக்கே போயிடறேன்."

"புதுப் பதிப்பு ஒரு தடவை தொட்ட மெயில் பெட்டியைப் பழசு தொறக்காது."

"வாட்சைக் கழட்டிட்டா?"

"'உங்களைக் காணவில்லை'ன்னு சொல்லிட்டு இன்னும் பத்திரமா மூடி வச்சுக்கும்."

பூபதி பேப்பரை எப்போதோ மடித்து வைத்திருந்தான். "விடு சுபா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றான்.

"என்னத்த விடறது? யாரோ செத்தாங்களா பொழச்சாங்களான்னு தெரியாம மூணு நாளா நான் ஆபீஸ் போய்ட்டு வந்துட்டு இருக்கேன். உங்களுக்கென்ன, எதுவானாலும் விடு விடுதான்!"

அவன் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான்.

அவள் முயன்றாள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். சோபாவில் படுத்தாள். ஸ்பீக்கரில் ரெஹானா பொறுமையாகக் காத்திருந்தாள். துடிப்பு தொண்ணூறு, எண்பத்தாறு என்று இறங்கி ஒரு முறை எழுபத்தொன்பதைத் தொட்டது. திரையில் மொட்டின் முதல் இதழ் விரிந்தது. அதைப் பார்த்ததும், இன்னும் சிறிது நேரத்தில் என்ன சேதி என்று தெரிந்துவிடும் என்ற நினைப்பு வந்தது. நெஞ்சு தட்டியது. நூற்று இரண்டு. இதழ் மூடிக்கொண்டது.

மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோது அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில்.

"கெட்ட சேதி இருக்குன்னு சொல்லிப்போட்டு, அமைதியா இருன்னா எவ இருப்பா? இதைச் செஞ்சவங்களுக்கு அக்கா தங்கச்சி யாரும் இல்லையா?"

"நானும் இதையேதான் எங்க மீட்டிங்ல கேட்டேன் மேடம்" என்றாள் ரெஹானா. குரலில் முதல் முறையாக உதவி மையத்தின் மெருகு குறைந்திருந்தது. "ஒரு நாளைக்கு நாப்பது பேர்கிட்ட இதே பதில் சொல்றேன்."

"சரி, எனக்கு இதைச் சொல்லுங்க. அனுப்பினவங்களுக்கு நான் இன்னும் படிக்கலன்னு தெரியுமா?"

"தெரியாது மேடம். அவங்க காத்திருந்து மனசு சங்கடப்படக் கூடாதுன்னு ஒரு பதில் போயிருக்கும்."

"யார் பேர்ல?"

"உங்க பேர்லதான். உங்க பழைய மெயிலெல்லாம் படிச்சு, உங்க நடையிலேயே எழுதும்."

"என்னன்னு எழுதுச்சு?"

"மெயில் தொறந்தாத்தான் அதுவும் தெரியும்."

யாரோ ஒருவர் அவளிடம் ஏதோ பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவள் அதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறாள். இரண்டும் அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

"ஏம்மா, இந்த வாட்ச் யார் கையில இருக்குன்னு பாக்குமா?"

"நான் சொல்லக் கூடாது" என்றாள் ரெஹானா. பிறகு, "பாக்காது" என்றாள்.

"அப்பச் சரி. என்ற வீட்டுக்காரர் கையில கட்டறேன். வீடு இடிஞ்சு தலையில விழுந்தாலும் அவருக்கு எழுபதைத் தாண்டாது. ஏனுங்க, இங்க வாங்க."

"சார் பேரு என்ன மேடம்?" என்று ரெஹானா திடீரென்று கேட்டாள்.

"பூபதி. ஏன்?"

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் ஃபோனைப் பார்த்தாள். அறுபடவில்லை.

"ஒண்ணுமில்ல மேடம்" என்றது குரல், மிக மெல்ல. "கட்டுங்க."

பூபதி கையை நீட்டவில்லை. அவளாகவே இழுத்துக் கட்டினாள். அவன் உள்ளங்கை ஈரமாக இருந்தது. கடிகாரம் சிறிது நேரம் தடுமாறிவிட்டு எண்ணைக் காட்டியது.

நூற்று இருபத்தாறு.

பழுதோ என்று நினைத்து வாரை இறுக்கினாள். நூற்று முப்பத்தொன்று. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகப் பார்த்த முகம். அது வெளுத்திருந்தது.

"நீங்க அனுப்பினதா?"

அவன் தலையாட்டினான்.

"எனக்கா? ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு?"

"வாயால சொல்ல வரல" என்றான்.

"என்னன்னு சொல்லுங்க."

அவனுடைய கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. குரல்வளையின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்குப் புரிந்தது. கரகரப்பு, காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றது, போன மாதம் 'ட்ரெய்னிங்' என்று இரண்டு முறை போனது, எல்லாம் ஒரே சமயத்தில் புரிந்தது.

"கேன்சருங்களா?"

"ம்."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால்மேல் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனே பேசினான், ஒவ்வொரு வார்த்தையாக.

"குரல்வளையையே எடுக்கணும்னாங்க. எடுத்தாப் பேச்சு வராது. எடுக்கலாமா, வேற டாக்டர்கிட்டக் காட்டலாமா, நீ சொன்னாச் செய்யறேன்னு எழுதியிருந்தேன். ஒரு மணி நேரமா எழுதுனேன். அனுப்புன உடனே பதில் வந்திருச்சு."

"காட்டுங்க."

அவன் ஃபோனை எடுத்துக் காட்டினான். அவளுடைய பெயர், அவளுடைய படம். கீழே ஒரே வரி.

"பார்த்தேன். தக்கபடி செய்யவும்."

சுபாஷிணி அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

"இதை நான் எழுதுவேன்னு நெனச்சீங்களா?"

"நீ எப்பவும் அப்படித்தானே எழுதுவே."

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. வண்டிக்கு டயர் மாற்றலாமா என்று கேட்டபோது, மகனை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்று கேட்டபோது, கல்யாண நாளுக்கு எங்கேயாவது போகலாமா என்று கேட்டபோதும்கூட அவள் இதைத்தான் எழுதியிருந்தாள். செயலி பொய்க் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய கையெழுத்தைத்தான் போட்டிருந்தது.

"அன்னிக்குச் சீக்கிரம் வந்தேன்" என்றான் பூபதி. "நீ வெங்காயம் நறுக்கிட்டு இருந்தே. ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டேன். நீ அப்டேட்டைப் பத்திச் சொன்னே. சரி, இவளுக்குச் சம்மதம், பேசிப் பெருசு பண்ண வேண்டாம்னு நெனைக்கிறாள்னு நெனச்சுட்டேன். நான் பேசறதும் கம்மிதானே. வியாழக்கிழமை காலையில போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன். திங்கக்கிழமை ஆபரேஷன்."

"திங்கக்கிழமையா? நாளன்னைக்கா? என்கிட்டச் சொல்லாமயே போய்ப் படுத்திருப்பீங்களா?"

"உனக்குத்தான் தெரியுமே, நீயே கூட வருவேன்னு நெனச்சேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் அவள் முதுகில் கை வைத்தான். அந்தக் கையில் அவளுடைய கடிகாரம் விடாமல் அதிர்ந்தது. "தயவுசெய்து இளைப்பாறவும்" என்று திரையில் எழுத்து ஓடியது.

மேசையிலிருந்து ரெஹானாவின் குரல் வந்தது. அவள் இணைப்பில் இருப்பதையே இருவரும் மறந்திருந்தார்கள்.

"மன்னிச்சுக்குங்க. வச்சிருக்கணும். வைக்க முடியல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சார், உங்க ஓலையும் புதுப் பதிப்புத்தானா?"

"தெரியலீங்க. அது தானா ஆயிருக்கும்."

"உங்க நம்பர் சொல்லுங்க சார்."

பூபதி சொன்னான். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது.

"சார் பெட்டியிலயும் ஒண்ணு இருக்கு" என்றாள் ரெஹானா. "வியாழக்கிழமை மத்தியானம் வந்திருக்கு. புதன்கிழமைக்கப்புறம் சார் இப்பத்தான் மெயிலைத் தொறந்திருக்கார், மொட்டைக் கவனிச்சிருக்க மாட்டார். இதுவும் அஞ்சுக்கு அஞ்சு."

"யார்கிட்ட இருந்து?" என்றாள் சுபாஷிணி.

"மேடம், இந்த கால் ரெக்கார்ட் ஆகுது."

"தெரியும்மா."

"ஆஸ்பத்திரியில இருந்து. உங்களுக்கு எது தொறக்குதோ இல்லையோ, அதுக்குக் காத்திருக்காதீங்க. நேர்ல போங்க. இதுக்கும் பதில் போயிருக்கு."

இணைப்பு அறுந்தது. அவளே வைத்தாளா, யாராவது வைக்கச் செய்தார்களா என்று தெரியவில்லை.

அரை மணி நேரத்தில் அவர்கள் மருத்துவமனையில் இருந்தார்கள். டாக்டர் வசுமதி கடைசி நோயாளியைப் பார்த்து முடித்துக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். பூபதியைப் பார்த்ததும் புருவத்தை உயர்த்தினார்.

"திங்கட்கிழமைதானே வரச் சொன்னேன்?"

"நீங்க அனுப்பின மெயிலை நான் பாக்கலீங்க டாக்டர்."

"பாத்தீங்களே. பதில் போட்டிருக்கீங்களே." கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பூபதியின் பெயருக்குக் கீழே அவனுடைய மொழியில் இரண்டே சொற்கள் இருந்தன.

"சரிங்க டாக்டர்."

"நீங்க அனுப்பினது என்னன்னு வாயால சொல்லுங்க டாக்டர்" என்றாள் சுபாஷிணி. "நான் இவர் சம்சாரம். எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை இவர் கையெழுத்துப் போட்டுட்டுப் போனதுக்கப்புறம்தான் புது ஸ்கேன் ரிப்போர்ட் வந்தது. நாங்க நாலு டாக்டருங்க உக்காந்து பாத்தோம். கட்டி குருத்தெலும்புக்குள்ள போகல. அதனால ரெண்டாவது வழி ஒண்ணு இருக்கு. கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்து ஏழு வாரம். பொழைக்கற வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டுலயும் ஒண்ணுதான். இதுல குரல் மிஞ்சலாம். கஷ்டம் ஜாஸ்தி. ஒருவேளை கட்டி திரும்ப வந்தா அப்ப ஆபரேஷன்தான். இதையெல்லாம் எழுதி, 'எந்த வழி வேணும்னு சொல்லுங்க'ன்னு கேட்டிருந்தேன்."

"அதுக்கு 'சரிங்க'ன்னா எது சரி?"

"நானும் யோசிச்சேம்மா. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டதுதான் சரின்னு சொல்றார்னு எடுத்துக்கிட்டேன். அதிகம் பேசாத மனுசர்."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே டாக்டர்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஒருத்தர் தொண்டையை அறுக்கறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு ஃபோன்!"

டாக்டர் வசுமதி கோபப்படவில்லை.

"பண்ண வேண்டிய தேவையே இருக்காதும்மா. இப்படி ஒரு மெயில் போனா அவங்களே கூப்பிடுவாங்க. அழுவாங்க, சண்டை போடுவாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல்ல வந்து நிப்பாங்க. இந்த வாரம்தான் யாரும் கூப்பிடல. எல்லாரும் நிதானமா, மரியாதையாப் பதில் போட்டிருந்தாங்க. நேத்து நர்ஸ்கிட்டக்கூடச் சொன்னேன், ஜனங்களுக்கு இப்பத் தைரியம் வந்திருச்சு..."

பாதியில் நிறுத்தினார். பார்வை கணினித் திரைக்குப் போனது. "ஒரு பத்து நிமிசம் வெளிய உக்காந்து ரெண்டு பேரும் பேசுங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "முடிவைக் கையோட வந்து சொல்லுங்க. எழுத வேண்டாம்."

வராந்தாவில் வரிசையாக இரும்பு நாற்காலிகள் கிடந்தன. மத்தியான நேரம், ஆட்கள் குறைவு. ஒரு தூய்மைப் பணியாளர் தரையைத் துடைத்துக்கொண்டே தள்ளிப் போனார். இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நீ என்ன சொல்றே?" என்றான் பூபதி.

'உங்களுக்கு எது சரின்னு படுதோ' என்று நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"எனக்கு உங்க குரல் வேணும்" என்றாள். "நாலு வார்த்தையானாலும் சரி, கரகரன்னு இருந்தாலும் சரி. அது எனக்கு வேணும். ஆனா உங்க உயிருக்கு அதனால ஆபத்துன்னா வேண்டாம். அதுவும் எனக்கு வேணும். இப்ப நீங்க சொல்லுங்க. தலையை ஆட்டக் கூடாது."

"பயமா இருக்கு சுபா" என்றான். "கத்தியைக் கண்டு இல்ல. பேச்சே போனதுக்கப்புறம், இத்தன வருசமா உன்கிட்டச் சொல்லாம விட்டதெல்லாம் ஞாபகம் வந்தா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. மூணு நாளா அதேதான்."

அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கடைசிச் சொற்களில் குரல் கிழிந்து, வெறும் காற்றாகத்தான் வந்தது. இருந்தாலும் அவளுக்கு ஒவ்வொன்றும் கேட்டது.

"அப்ப கதிர்வீச்சு."

"ஏழு வாரம் படுத்தும். கட்டி திரும்பவும் வரலாம்னு சொன்னாங்க."

"வந்தா அப்பப் பாத்துக்கலாம். நான் லீவு போடறேன். பம்புக்காரங்க தக்கபடி செஞ்சுக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கியபோது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"நீ இரு. நானே போய்ச் சொல்றேன்."

ஆனால் அவளும் எழுந்து கூடவே போனாள். டாக்டரின் அறைக் கதவு முழுதாக மூடியிருக்கவில்லை. உள்ளே அவர் நின்றுகொண்டே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார். இன்னொரு கை கணினித் திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. பூபதி கதவைத் தட்டத் தூக்கிய கையை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

"வணக்கம்மா, டாக்டர் வசுமதி பேசறேன். புதன்கிழமை உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தேன். 'ரொம்ப நன்றி டாக்டர், நாங்க பாத்துக்கறோம்'னு பதில் போட்டிருந்தீங்களே?"

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. யாரோ சின்னப் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம். பிறகு ஒரு பெண்ணின் குரல், உற்சாகமாக:

"நானுங்களா? இல்லீங்களே டாக்டர். நல்லா இருக்கீங்களா?"